சவுரியும் மனுஷ முடிதானே, அப்புறம் ஏன் சிக்கு விழுது?

கேள்வி: அக்டோபர் 9, காலை 11.20

போன தை மாசம் அக்கா கல்யாணத்துக்கு 24 இன்ச் சவுரி வாங்கினோம். ஒரிஜினல் மனுஷ முடின்னு கடைக்காரர் அடிச்சுச் சொன்னார். அன்னிக்குப் பட்டு மாதிரி இருந்தது. நாலு தடவை ஷாம்பு போட்டு அலசினதும் தூக்கணாங்குருவிக் கூடா ஆயிடுச்சு. ஏமாத்திட்டாங்களோன்னு நாலு இழையை எடுத்து எரிச்சுப் பார்த்தேன். பிளாஸ்டிக் மாதிரி உருகி உருண்டை கட்டலை. கருகின முடி நாத்தம்தான் வந்தது, சாம்பலும் தேய்ச்சா பொடியாகுது. மனுஷ முடின்னா என் தலையில இருக்கிற முடி மாதிரி ஏன் இருக்க மாட்டேங்குது?

பதில்: அக்டோபர் 9, மதியம் 2.05

மனுஷ முடிதான். கடைக்காரர் பொய் சொல்லலை. உங்க தலையில இருக்கிற அத்தனை முடிக்கும் அடி ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம். அந்தச் சவுரியில பாதி முடி தலைகீழா கிடக்கு. விஷயம் அவ்வளவுதான்.

நம்பலேன்னா இப்பவே ஒரு முடியைப் பிடுங்குங்க. வேர்ப்பக்கம் எதுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நீளவாக்குல வச்சு, பணம் எண்ணும்போது தேய்க்கிற மாதிரி முன்னும் பின்னும் தேய்ங்க. முடி தானா ஒரு பக்கமா ஊர்ந்து போகும். எப்பவும் வேர் முன்னாடி, நுனி பின்னாடி. திருப்பி வச்சுத் தேய்ச்சா எதிர்ப்பக்கம் போகும். விரல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் ஆடுது, ஆனா முடிக்கு வழி ஒண்ணுதான்.

அக்டோபர் 9, இரவு 10.40

ஏன்னு கேட்டிருக்காங்க. முடியோட மேல்தோல் செதில் செதிலா இருக்கும். நாட்டு ஓடு வேய்ஞ்ச கூரையை நினைச்சுக்கோங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, விளிம்பெல்லாம் நுனியைப் பார்த்து. மேலேயிருந்து கீழே கையால தடவினா வழுக்கும். கீழேயிருந்து மேலே தடவினா விளிம்பு தடுக்கும். விரல் வேர்ப்பக்கமா போகும்போது தடுக்கி முடியையும் கூட்டிட்டுப் போகுது, திரும்பி வரும்போது முடியை விட்டுட்டு வழுக்கி வந்துடுது.

இப்ப பாதி முடி இப்படி, பாதி அப்படி கிடக்கிற கொத்தை ஷாம்பு போட்டுக் கசக்குங்க. ஒவ்வொண்ணும் அதது வேர்ப்பக்கமா ஊரும். எதிரெதிரா ஊர்ந்து உள்ளே புகுந்துடும், திரும்பி வராது. ஆட்டு ரோமத்தைச் சோப்புத் தண்ணியில தேய்ச்சுத் தேய்ச்சு கெட்டிக் கம்பளம் பண்றதும் இதே சூத்திரம்தான். கம்பளி ஸ்வெட்டரை மிஷின்ல போட்டு, குழந்தைக்குப் போடுற அளவுல வெளியே எடுத்தவங்களுக்கு நல்லாப் புரியும்.

அக்டோபர் 10, காலை 7.15

"இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கீங்களே, பார்லரா?" இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடிச்சுட்டு, முடி ஏற்றுமதி பண்ற ஒரு கம்பெனியில தரம் பார்க்கிற வேலையில 9 வருஷம் இருந்தேன். "என்ன வேலை?"ன்னு கேட்டா சொந்தக்காரங்ககிட்ட சொல்லவே கூச்சமா இருக்கும். எங்க மாமா ஒருத்தர் அதையே வச்சு ஒரு ஜோக் அடிப்பார், இங்கே எழுத முடியாது, நீங்களே யூகிச்சுக்கோங்க.

எங்ககிட்ட வந்தது ரெண்டு வகை. ஒண்ணு கோயில் முடி. பழனி, திருத்தணி, சமயபுரம், திருப்பதின்னு மொட்டை போடுற இடத்து முடி, ஏலத்துல எடுக்கிறது. நீள முடியா இருந்தா ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிட்டுத்தான் வழிப்பாங்க, அதனால அடி நுனி மாறாது. வியாபாரத்துல அதுக்கு ரெமின்னு பேர். இன்னொண்ணு சீப்பு முடி. உங்க பாட்டி சுருட்டிச் சுவர் பொந்துல செருகி வச்சிருப்பாங்களே, தெருவுல வர்றவர் அதை வாங்கிட்டு எவர்சில்வர் கிண்ணம் கொடுப்பாரே, அது. அந்த உருண்டையைப் பிரிச்சு, நீளம் பார்த்து அடுக்கிடலாம். எது அடி எது நுனின்னு கண்ணுக்குத் தெரியாது. லட்சக்கணக்கான முடியை ஒவ்வொண்ணா விரல்ல தேய்ச்சுப் பார்க்கவும் முடியாது.

அதுக்கு ஒரு குறுக்கு வழி: குளோரின், ஆசிட் குளியல். செதிலையே கரைச்சுட்டா அடியும் இல்லை நுனியும் இல்லை. மேலே சிலிகோன் பூசுவாங்க, பளபளன்னு கையில வழுக்கும், ஒரிஜினலை விட அழகா இருக்கும். நாலு அலசல்ல சிலிகோன் போயிடும். நீங்க சொன்ன அதே நாலு.

அக்டோபர் 10, காலை 7.40

விட்டுப்போச்சு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல, 2004 மே மாசம், திடீர்னு வேலை நின்னுபோச்சு. பழமை பேணுற யூதர்கள்ல கல்யாணமான பொம்பளைங்க தலைமுடியை மறைக்க விக் போடுவாங்க. இந்தியக் கோயில் முடியில செஞ்ச விக்கைப் போடக்கூடாதுன்னு ஜெருசலேம்ல ஒரு பெரிய யூத குரு தீர்ப்பு சொல்ல, நியூயார்க் புரூக்ளின்ல யூதர்கள் தெருவுல விக்கைக் குவிச்சுக் கொளுத்தினாங்க. வேற சாமிக்குப் படைச்சதை அவங்க பயன்படுத்தக்கூடாது, மொட்டை முடி படையலா இல்லையான்னு சண்டை. திருத்தணியில யாரோ வேண்டிக்கிட்ட முடி, கடல் தாண்டிப் போய்த் தெருவுல எரிஞ்சது.

அக்டோபர் 11, மாலை 6.30

"முடி எவ்வளவு கனம் தாங்கும்?" மதுரைத் தம்பி கேட்டார். கம்பெனியில அதுக்கு மிஷின் உண்டு. வீட்டுல ரவைதான்.

என் முடி ஒண்ணு, நடுவுல 20 சென்டி விட்டு, ரெண்டு முனையையும் அட்டையில பெவிக்விக் போட்டு ஒட்டினேன். முடிச்சுப் போட்டா வழுக்கும், இல்லேன்னா முடிச்சுலேயே அறும். கீழ் அட்டையில ஒரு பிளாஸ்டிக் பை, அதுல ஸ்பூன் ஸ்பூனா ரவை. 35 கிராம் வரைக்கும் மூணு நாலு மில்லிமீட்டர் அசைஞ்சதோட சரி. 40ஐத் தாண்டினதும் ஸ்பூனுக்கு ஸ்பூன் விறுவிறுன்னு இறங்க ஆரம்பிச்சது, பார்க்கவே பயமா இருந்தது. அப்புறம் மறுபடி விறைச்சது. 27 சென்டிக்கு நீண்டு, 68 கிராம்ல அறுந்தது. சமையல்கட்டு முழுக்க ரவை.

நடுவுல நடந்த அந்த விறுவிறுப்புதான் முக்கியம். முடி கெரட்டின்ங்கிற புரதம், அதோட மூலக்கூறு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடக்கு. முதல் ரெண்டு சதவீத நீளம் வரைக்கும் சும்மா இழுபடும். அதுக்கு மேல அந்தச் சுருளே பிரிய ஆரம்பிக்கும். 1930கள்ல இங்கிலாந்து லீட்ஸ்ல ஆஸ்ட்பரின்னு ஒருத்தர் கம்பளியையும் முடியையும் எக்ஸ்ரேயில வச்சு, இழுக்காதப்ப ஒரு வடிவம், இழுத்தப்ப வேற வடிவம்னு கண்டுபிடிச்சார். அந்தச் சுருள் சரியா எப்படின்னு பாலிங்னு ஒரு அமெரிக்க வேதியியல் விஞ்ஞானி 1951ல சொன்னார். சளி பிடிச்சுப் படுத்திருந்தப்ப காகிதத்துல வரைஞ்சு மடிச்சுப் பார்த்தே பிடிச்சாராம். எனக்குச் சளி பிடிச்சா மிளகு ரசம்தான் வரும்.

ஒரு தலைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முடி, தலா 60 கிராம், மொத்தம் 6 டன். கணக்கு சரி. முதல்ல தலைத்தோல் கழண்டு வந்துடும்.

அக்டோபர் 11, இரவு 9.10

"மயிரைக் கட்டி மலையை இழுப்போம், வந்தா மலை போனா மயிர்" பழமொழியை யாரும் இன்னும் சொல்லலையேன்னு பார்த்தேன், ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. ஜப்பான்ல இழுத்தே காட்டிட்டாங்க. கியோட்டோவுல ஹிகாஷி ஹொங்கான்ஜி கோயில் எரிஞ்சு போய் மறுபடி கட்டினப்ப, உத்தரங்களை இழுக்கப் பெண்கள் முடி கொடுத்து, அதைச் சணலோட சேர்த்துத் திரிச்சு 53 கயிறு செஞ்சாங்க. 1895ல கட்டி முடிச்சாங்க. ஒரு கயிறு இன்னும் அங்கே காட்சிக்கு இருக்கு. இங்கேயும் மொட்டைதான் போடுறோம், ஆனா ஏலத்துக்கு.

அக்டோபர் 13, காலை 6.50

நாகர்கோவில் அக்கா அதே சோதனையை ஈர முடியில பண்ணியிருக்காங்க. என்னதை விடக் குறைச்சலான கனத்துலேயே அறுந்தது, ஆனா பாதிக்கு மேல நீண்டதுங்கிறாங்க. சரியாத்தான் வந்திருக்கு. முடி அதோட எடையில கிட்டத்தட்ட 30 சதவீதம் தண்ணி குடிக்கும். சுருளைச் சுருளாப் பிடிச்சு வச்சிருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குள்ள தண்ணி புகுந்து தளர்த்திடும். தலை ஈரமா இருக்கும்போது சீப்பு போடாதேன்னு அம்மா கத்துறது இதுக்குத்தான்.

இன்னொண்ணு பண்ணிப் பாருங்கக்கா. முடியை 25 சென்டி வரைக்கும் நீட்டி, அறுறதுக்கு முன்னாடி கனத்தை எடுத்துட்டு, ராத்திரி தண்ணியில போட்டு வைங்க. காலையில கிட்டத்தட்ட பழைய 20க்கே வந்து நிக்கும். எனக்கு வந்தது. செத்துப்போன பொருள்னு பேர், ஞாபகசக்தி பாருங்க.

அக்டோபர் 13, இரவு 8.00

மழையில முடி சுருங்குமேன்னு ஒரு தம்பி கேட்டதுக்கு ஆமான்னு சொல்லியிருந்தேன். தப்பு.

ஈரத்துல ஒவ்வொரு முடியும் நீளத்தான் செய்யும். எலும்பு மாதிரி காய்ஞ்ச காத்துக்கும் சொதசொதன்னு ஈரக் காத்துக்கும் நடுவுல நீளம் ரெண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல கூடும். 24 இன்ச்ல அரை இன்ச். குறுக்குல அதை விட அதிகம், தண்ணியில ஊறினா 15 சதவீதம் வரைக்கும் தடிக்கும். ஜெனீவாவுல சொஸ்யூர்னு ஒருத்தர் இதை வச்சே காத்து ஈரத்தை அளக்கிற கருவி செஞ்சு 1783ல புத்தகமே எழுதினார். முதல்ல முடியைச் சோடா போட்ட தண்ணியில கொதிக்க வச்சு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார். அவர் வழியில வந்த முடிக் கருவிகள் 20ஆம் நூற்றாண்டுலேயும் வானிலை நிலையங்கள்ல ஓடிச்சு.

அப்ப மழைக்காலத்துல என் தலை ஏன் குட்டையாத் தெரியுது? தண்ணி புகுந்ததும் நேத்து சீவி நேராக்கின வடிவம் விட்டுப்போய், அதோட சொந்தச் சுருட்டைக்குத் திரும்புது. சுருண்டா குட்டையாத்தானே தெரியும். நீளத்தையும் சுருளையும் குழப்பிக்கிட்டேன்.

அக்டோபர் 14, மதியம் 1.20

மொட்டை போட்டா அடர்த்தியா வளருமா? வளராது. 1928லேயே அமெரிக்காவுல மில்ட்ரெட் ட்ராட்டர்ங்கிறவங்க தாடியை அளந்து பார்த்துச் சவரத்தால தடிக்கலைன்னு எழுதிட்டாங்க. முடி தயாராகிறது தோலுக்கு அடியில இருக்கிற வேர்க்குழியில, மேலே கத்தி போட்ட செய்தி அங்கே போகாது. பொறந்தப்பிலேர்ந்து வெட்டாத முடிக்கு நுனி கூம்பா இருக்கும், வழிச்ச முடி வெட்டின குச்சி மாதிரி மொட்டையா முளைக்கும், அதான் தடவினா தடிப்பா இருக்கு.

இதெல்லாம் தெரிஞ்சுதான் என் பொண்ணுக்கு மூணு மொட்டை போட்டேன். மாமியார்கிட்ட போய் ட்ராட்டர்னு சொல்ல முடியுமா?

அக்டோபர் 14, இரவு 11.15

"மயிர்"னு எழுதாதீங்க, அசிங்கமா இருக்குன்னு ஒருத்தர். சங்கத்துலேர்ந்து இருக்கிற நல்ல சொல் அது. டாக்டர் மயிர்க்கால்னு சொன்னா தலையாட்டுறோம், புல்லரிச்சா மயிர்க்கூச்செறியுதுங்கிறோம். தனியா நின்னா மட்டும் கெட்ட வார்த்தை. உதிர்ந்ததும் மதிப்பு போயிடுது, முடிக்கும் சரி, சொல்லுக்கும் சரி. சரி, முடின்னே எழுதறேன்.

அக்டோபர் 16, காலை 9.30

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருக்கா: விரல்ல தேய்ச்சுப் பார்த்தாளாம், தலைமுடியோட வேர்ப்பக்கம் நல்லா ஊர்ந்ததாம், இடுப்பு வரைக்கும் இருக்கிற முடியோட நுனியில தேய்ச்சா சும்மா அங்கேயே ஆடுதாம். "உங்க சூத்திரம் பாதிதான் சரி"ங்கிறா.

முதல்ல எண்ணெய் வச்சிருப்பான்னு நினைச்சேன். அப்புறம் என் முடியில பார்த்தேன். அதே கதை. வேர்லேர்ந்து ஒரு சாண் வரைக்கும் ஜம்முனு போகுது, கடைசி ஒரு சாண்ல திசையே இல்லை.

யோசிச்சா தெரிய வேண்டிய விஷயம்தான். மாசத்துக்கு ஒரு சென்டி வளருது. 70 சென்டி முடின்னா நுனிக்கு வயசு கிட்டத்தட்ட ஆறு வருஷம். ஆறு தீபாவளி எண்ணெய்க் குளியல், ரெண்டாயிரம் தடவை சீப்பு, வெயில், சீயக்காய், உப்புத் தண்ணி எல்லாம் அந்த நுனி பார்த்தாச்சு. ஒரு செதிலோட தடிப்பு அரை மைக்ரான், அதாவது மில்லிமீட்டர்ல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு. அடியில ஆறேழு அடுக்கா வேய்ஞ்ச ஓடு, நுனிக்கு வரும்போது ஒண்ணு ரெண்டுதான் மிச்சம், சில இடத்துல அதுவும் இல்லை, உள்நார் பிய்ஞ்சு நுனி ரெண்டாப் பிளக்கும்.

ஆக ஆசிட் குளியலை நான் திட்டினது கொஞ்சம் ஜாஸ்தி. நாம ஆறு வருஷத்துல பண்றதை அவங்க ஒரு மணி நேரத்துல பண்றாங்க.

அக்டோபர் 16, மதியம் 3.00

அதுலேர்ந்து எனக்கே ஒரு குடைச்சல். செதில் முழுக்கப் போயிட்டா திசை இல்லை. திசை இல்லேன்னா எதிரெதிரா ஊரவும் கூடாது. அப்ப சிலிகோன் போனப்புறம் சவுரி ஏன் சிக்கு விழணும்? முதல் நாள் நான் சொன்ன காரணம் இங்கே நிக்கலையே.

அக்டோபர் 17, காலை 5.50

ராத்திரி தூக்கம் வரலை. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் ரெண்டு காரணம்.

ஒண்ணு, மலிவுக் குளியல் எல்லா முடியையும் ஒரே மாதிரி வழிக்காது. கொத்துக்கு உள்ளே இருந்த முடிக்கு ஆசிட் சரியாப் போய்ச் சேராது. இதை நானே மைக்ரோஸ்கோப்ல பார்த்திருக்கேன்: ஒரே கொத்துல ஒரு முடி கண்ணாடிக் கம்பி மாதிரி மொழுக்குன்னு, பக்கத்து முடி ஓடு கலையாம. அந்த மிச்சம் மீதி ஓடு வச்ச முடிங்க இன்னும் எதிரெதிரா ஊரும்.

ரெண்டாவது, செதில் மேல பிறவியிலேயே ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. அதனாலதான் நல்ல முடியில தண்ணி முத்து முத்தா நிக்கும். ஆசிட் அதை உரிச்சுடும். அந்த முடி தண்ணியைக் கண்டதும் குடிக்கும், உப்பும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், உரசும். திசை இல்லாத சொரசொரப்பும் சிக்குதான். தேங்காய் நாருக்கு எந்தத் திசை இருக்கு?

அக்டோபர் 17, மாலை 7.20

தேங்காய்னதும் எண்ணெய்ப் பட்டிமன்றம் ஆரம்பிச்சுட்டாங்க. சுருக்கமா சொல்லிடறேன். 2003ல வந்த ஒரு ஆய்வு: தேங்காய் எண்ணெய் முடிக்குள்ள இறங்குது, புரத இழப்பைக் குறைக்குது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்யலை. தேங்காய் எண்ணெயில நிறைய இருக்கிற லாரிக் அமிலம் சின்னது, நேர்க்கோடா இருக்கிறது, அதான் நுழையுதுன்னு விளக்கம். ஆய்வு பண்ணினவங்க தேங்காய் எண்ணெய் விக்கிற கம்பெனி ஆய்வுக்கூடத்து ஆட்கள். அதுக்காகப் பொய்யின்னு சொல்லலை, எங்க பாட்டி எந்தக் கம்பெனியிலேயும் வேலை பார்க்கலை, அவங்களும் இதையேதான் சொன்னாங்க. குளிக்கிறதுக்கு முன்னாடி தடவணும், அதான் பலன். வேர்லேர்ந்து புதுசா முடி முளைக்க வைக்கும்னெல்லாம் அந்த ஆய்வு சொல்லலை.

சவுரிக்கு எண்ணெய் வேண்டாம் தங்கச்சி, தூசி அப்பிக்கும். காய்ஞ்சதும் நுனியிலேர்ந்து ஆரம்பிச்சு விரலால பிரி, மேலேர்ந்து சீப்பை இழுக்காதே. அலசும்போது கசக்காம, ஒரு கையில தொங்கவிட்டுப் பக்கெட்டுல முக்கி முக்கி எடு. கண்டிஷனர் ஊற வை. அடிபட்ட முடி மேல எதிர்மின்னூட்டம் நிறைய, கண்டிஷனர்ல இருக்கிறது நேர்மின்னூட்டம், தானா போய் ஒட்டிக்கும். கொஞ்ச நாள் ஓடும்.

அக்டோபர் 19, இரவு 9.45

தங்கச்சி கெட்டிக்காரி. சவுரியில தையல் போட்ட பக்கத்தை மேல்னு வச்சுக்கிட்டு, 20 முடியை ஒவ்வொண்ணா உருவி, தையல் பக்கத்து முனைக்கு நெயில் பாலிஷ் பொட்டு வச்சு, விரல்ல தேய்ச்சுப் பட்டியல் போட்டிருக்கா. 8 முடி பொட்டுப் பக்கமா ஊர்ந்தது. 7 எதிர்ப்பக்கம். 5 நகரவே இல்லை.

பட்டியலை எடுத்துக்கிட்டுக் கடைக்கே போயிருக்கா. கடைக்காரர் பொறுமையா கேட்டுட்டு, "மனுஷ முடிதானேம்மா, நான் வேறென்ன சொன்னேன்?"னாராம்.